மூன்று இரவுகள், ஒரு களிமண் காடு: பேட்லேண்ட்ஸில் கூடாரம் அடிக்க முழுமையான வழிகாட்டி

கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு நடந்து பழகியவர்களுக்கு இந்த வழிகாட்டியில் பாதியைச் சொல்லவே வேண்டாம். செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாத மண், அடிக்கு அடி காலில் கனம் கூட்டும் மண், காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும் மண். அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் இருக்கும் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மண்ணும் அந்தக் களிமண் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எரிமலைச் சாம்பல் மக்கி உருவான பென்டோனைட் அதில் நிறைந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் வீங்கும், வழுக்கும், ஒட்டும். இங்குள்ள பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் இந்நிலத்துக்கு 'மாகோ சீச்சா' என்று பெயர் வைத்தார்கள். 'கெட்ட நிலம்' என்று பொருள். பின்னர் வந்த பிரெஞ்சுத் தோல் வணிகர்களும் 'கடப்பதற்குக் கெட்ட நிலம்' என்றே சொன்னார்கள்.

முதல் முறை போகிறவர்கள் பாம்புக்கும் பைசனுக்கும் பயந்து தயாராகிறார்கள். பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அவை இல்லை. காற்று, மழை, குடிதண்ணீர் ஆகிய மூன்றும்தான். ஆகவே இந்த வழிகாட்டியை மூன்று இரவுகளாக அடுக்கியிருக்கிறேன். ஒவ்வோர் இரவும் முந்தைய இரவில் இருந்த ஒரு வசதியைப் பறித்துக்கொள்ளும். மூன்றையும் முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. வானம் சரியில்லை என்றால் முதல் இரவோடு திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எப்போது போவது

செப்டம்பர். ஒரே சொல்லில் கேட்டால் அதுதான் என் பதில். பகல் இதமாக இருக்கும், இரவு குளிரும், பள்ளி விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும். மே, ஜூன் மாதங்களில் புல்வெளி பச்சைப் பசேலென்று இருக்கும். ஆண்டின் பெருமழையும் அப்போதுதான் பெய்யும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம், பூங்காவின் உச்சப் பதிவு ஏறத்தாழ 47 டிகிரி. குளிர்காலத்தில் இதே இடம் கழித்தல் 40 வரை இறங்கியிருக்கிறது. அக்டோபரில் பனி விழுந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தையொட்டிப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அருகில் உள்ள ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் அப்போது பெரிய மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். சுற்று வட்டாரத்தில் தங்கும் அறையும் கூடாரத் திடலும் கிடைப்பது குதிரைக்கொம்பு.

போய்ச் சேருவது

இன்டர்ஸ்டேட் 90 நெடுஞ்சாலைதான் எல்லோருக்கும் வழி. கிழக்கிலிருந்து வருபவர்கள் 131ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் பூங்காவின் வடகிழக்கு வாயில் வந்துவிடும். மேற்கே ராப்பிட் சிட்டியிலிருந்து வருபவர்களுக்கு வால் என்ற ஊரில் உள்ள 110ஆம் எண் வெளிவழி வசதி. அங்கிருந்து தெற்கே பினக்கிள்ஸ் வாயில். இரண்டையும் இணைப்பது 240ஆம் எண் சுற்றுச்சாலை. பூங்காவின் பெயர் பெற்ற காட்சிகளில் பெரும்பாலானவை இதன் ஓரத்திலேயே இருக்கின்றன. கிழக்கிலிருந்து காரில் வருபவர்கள் வழியில் நேர மண்டலம் மாறுவதைக் கவனியுங்கள். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அந்த ஒரு மணி நேரம் கூடாரம் அடிக்கக் கிடைத்த வரம்.

விமானத்தில் ராப்பிட் சிட்டிக்கு வருகிறவர்கள் அடுப்புக்கான எரிவாயுக் குப்பியைப் பெட்டியில் வைக்க முடியாது. அதை நகரத்தில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பெட்ரோலையும் அங்கேயோ வாலிலோ நிரப்பிவிடுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது. செல்பேசி அலைவரிசையும் பல இடங்களில் அற்றுப்போகும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அது போதாதென்று பார்வையாளர் மையத்தில் காகித வரைபடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரவு: சீடர் பாஸ்

பென் ரைஃபல் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சீடர் பாஸ் முகாம்தான் தொடங்குவதற்கு ஏற்ற இடம். கட்டணம் உண்டு, முன்பதிவு செய்துகொள்ளலாம், குடிதண்ணீர் உண்டு, கழிப்பறை உண்டு. ஒவ்வோர் இடத்திலும் நிழல் தட்டி போட்ட மேசை இருக்கும். அந்தத் தட்டியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மரங்கள் மிகக் குறைவு, நண்பகலில் அதுதான் உங்கள் ஒரே நிழல். வரிசையாக எழுந்து நிற்கும் மண் கோபுரங்கள் மாலையில் சாம்பலிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறுவதைப் படுக்கையில் இருந்தபடியே பார்க்கலாம்.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் காற்று. திறந்த புல்வெளியில் தடுக்க ஒன்றுமில்லாமல் வீசும் காற்று அது. உயரமான, அறை போன்ற குடும்பக் கூடாரங்களை அது பாய்மரமாக்கிவிடும். என் முதல் பயணத்தில் நான் கொண்டுபோனது அப்படிப்பட்ட ஒன்றுதான். நின்றபடி உடை மாற்றலாம் என்ற ஆசை. இரவு இரண்டு மணிக்கு ஒரு கம்பு முறிந்தது, மீதி இரவைக் காரில் உட்கார்ந்து கழித்தோம். குனிந்து நுழைய வேண்டிய தாழ்வான குவிமாடக் கூடாரமே இந்த ஊருக்குச் சரி.

அடிக்கும் முறை இது. முதலில் காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். கூடாரத்தின் குறுகிய, தாழ்ந்த பக்கம் அந்தத் திசையைப் பார்க்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். தரைவிரிப்பைப் போடும் முன் கையால் தடவாமல் காலணியால் தரையைத் தேய்த்துப் பாருங்கள். சப்பாத்திக்கள்ளி இங்கே புல்லுக்குள் புதைந்து கிடக்கும், அதன் முள் காற்றுமெத்தையை ஒரே குத்தில் முடித்துவிடும். தரைவிரிப்பு கூடாரத்தின் அடித்தளத்தை விட ஒரு விரற்கடை சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

காய்ந்த களிமண் கான்கிரீட் போல. கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் வளைந்துபோகும். ஓர் அடி நீளமுள்ள இரும்பு ஆணிகளும் ஒரு சுத்தியலும் கொண்டுபோங்கள். முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடித்து, எல்லா இழுகயிறுகளையும் கட்டுங்கள். வானம் தெளிவாக இருக்கிறது என்று நான்கு மூலையோடு நிறுத்துவது இங்கே எல்லோரும் செய்கிற தவறு. மாலையில் நடைக்குக் கிளம்பும்போது கூடாரத்தைக் காலியாக விட்டுப் போகாதீர்கள்; உள்ளே நான்கு மூலையிலும் தண்ணீர்க் குடங்களையோ பைகளையோ வையுங்கள். பகலில் காலிக் கூடாரம் உருண்டு போவதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

சமையலுக்கு அடுப்பு அவசியம். பூங்கா முழுவதும் விறகுத் தீ மூட்டத் தடை இருக்கிறது, முகாம்களிலும் அப்படித்தான். காய்ந்த புல்வெளியில் ஒரு பொறி போதும் என்பதால் இதில் விதிவிலக்கு தேடாதீர்கள். காற்றில் சிறிய எரிவாயு அடுப்பின் சுடர் படுத்துவிடும், ஆகவே மடிக்கும் காற்றுத்தடுப்பு ஒன்று வேண்டும். குப்பிக்கு மேலேயே அடுப்பைப் பொருத்தும் வகையாக இருந்தால் தடுப்பால் முழுவதும் சுற்றி மூடிவிடக் கூடாது; குப்பி சூடேறினால் ஆபத்து. முதல் இரவுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதை விட மேலான யோசனை எனக்குத் தெரியவில்லை. வந்து சேர்ந்த களைப்பில் அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இடைப்பட்ட பகல்: நடைகள்

வடகிழக்கு வாயிலை ஒட்டிய ஒரே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மூன்று நடைகள் பிரிகின்றன. ஜன்னல் பாதை ஐந்து நிமிட வேலை. கதவுப் பாதை போய்வர சுமார் 1.2 கி.மீ.; பலகைப் பாதை முடிந்த பிறகு மண் சுவரின் இடைவெளி வழியே உள்ளே இறங்கி, கோபுரங்களுக்கு நடுவில் நிற்கலாம். நாட்ச் பாதை சுமார் 2.4 கி.மீ.; நடுவில் மரக்கட்டைகளைக் கம்பியால் கோத்த ஏணி ஒன்றில் ஏற வேண்டும், அதன் பிறகு பள்ளத்தின் விளிம்பை ஒட்டி நடை. ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் வயிறு கலங்கும். மழை பெய்து ஈரம் காயாத நாளில் நாட்ச் வேண்டாம்.

நீண்ட நடை விரும்புபவர்களுக்குக் காசில் பாதை. போய்வர 16 கி.மீ., ஏற்ற இறக்கம் அதிகமில்லை, நிழல் மட்டும் அறவே இல்லை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். இரண்டு மணி நேர நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது இங்கே பொதுவான கணக்கு. அதிகமாகத் தோன்றும், திரும்பி வரும்போது தோன்றாது.

நடக்கும்போது மண் சுவரில் வண்ணப் பட்டைகளைப் பாருங்கள். அடியில் கருமை, கடல் இருந்த காலத்தின் சேறு. அதற்கு மேல் மஞ்சள், பழைய மண். அதற்கும் மேலே சாம்பலும் சிவப்பும் மாறி மாறி வரும் அடுக்குகள், 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஆற்றுச் சமவெளிகளின் படிவு. நீர் இந்த அடுக்குகளை அறுக்கத் தொடங்கி ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. சராசரியாக ஆண்டுக்கு ஓர் அங்குலம் கரைகிறது. நிலவியல் கணக்கில் இது தலைதெறிக்கும் வேகம், அதனால்தான் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதிய எலும்புகள் வெளியே தலைகாட்டுகின்றன. 2010இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பார்வையாளர் மையத்துக்கு அருகிலேயே கத்திப்பல் விலங்கு ஒன்றின் மண்டையோட்டைக் கண்டுபிடித்தாள். அவள் செய்த சரியான காரியம், அதைத் தோண்டாமல் ரேஞ்சரிடம், அதாவது பூங்கா அலுவலரிடம், சொன்னதுதான். நீங்களும் அதையே செய்யுங்கள்: தொடாதீர்கள், எடுக்காதீர்கள், படம் எடுத்து இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள். எடுத்துப் போவது குற்றம். அசைத்தாலே அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் அழிந்துவிடும்.

இரண்டாம் இரவு: சேஜ் கிரீக்

இப்போது தண்ணீர் பறிபோகிறது. பினக்கிள்ஸ் வாயிலுக்கு அருகே மேற்கு நோக்கிப் பிரியும் சரளைச் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. போனால் சேஜ் கிரீக் முகாம். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு முதல் இடம். குழிக் கழிப்பறையும் சில மேசைகளும் இருக்கும். குழாய் கிடையாது. சமையல், குடி, கை கழுவல் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லிட்டர், வெயில் நாளில் ஆறு என்று வைத்துக்கொண்டு சீடர் பாஸிலேயே நிரப்பிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு நாளுக்கான இருப்பும் காரில் இருக்கட்டும். காரணம் கீழே.

அந்தச் சரளைச் சாலை நல்ல மழைக்குப் பிறகு மூடப்படலாம். மூடாவிட்டாலும் அதில் ஓட்டுவது சிரமம். கிளம்புகிற காலையில் பார்வையாளர் மையத்தில் சாலை நிலவரத்தையும் வானிலையையும் கேளுங்கள். மழை என்றால் சீடர் பாஸிலேயே இன்னோர் இரவு. போன பிறகு மழை பிடித்துக்கொண்டால் காய்கிற வரை அங்கேயே இருங்கள். அந்தக் கூடுதல் தண்ணீர் இதற்குத்தான்.

வழியில் ராபர்ட்ஸ் பிரேரி நாய் நகரம் வரும். பெயரில் மட்டும்தான் நாய், பிராணி அணில் இனம். வளைக்கு வளை எழுந்து நின்று ஒன்றையொன்று எச்சரித்துக்கொண்டே இருக்கும். கொள்ளை நோய் பரப்பும் தெள்ளுப்பூச்சி அவற்றின் மேல் இருக்கக்கூடும் என்பதால் அருகே போவதோ தீனி போடுவதோ வேண்டாம். கறுப்புக்கால் ஃபெரட் என்ற அரிய கீரி போன்ற பிராணிக்கு இவைதான் உணவு. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட அந்த இனத்தை 1994இல் இந்தப் பகுதியில் மறுபடியும் விட்டார்கள்.

சேஜ் கிரீக்கின் சொந்தக்காரர்கள் பைசன்கள். நீலகிரியில் நாம் காட்டெருமை என்று அழைக்கும் காட்டுமாடு வேறு, இது வேறு. திமிலும் தாடியும் கொண்ட புல்வெளி விலங்கு. 1963இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட மந்தையின் வாரிசுகள் இன்று முகாமின் நடுவே நடந்து போகும். 90 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. சோம்பலாகத் தெரியும் இந்த விலங்கு மனிதனை விட மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். வால் நிமிர்ந்தால் கோபம் என்று பொருள், பேச்சை நிறுத்திவிட்டு நகருங்கள். விடியற்காலையில் கூடாரத்துக்கு வெளியே புல் பிடுங்கும் சத்தமும் கனத்த மூச்சும் கேட்டால் ஜிப்பைத் திறக்காதீர்கள், விளக்கைப் போடாதீர்கள். மேய்ந்துவிட்டு அதுவே போகும். புல்லில் தேய்ந்த பைசன் தடம் தெரிகிற இடத்தில் கூடாரம் அடிக்காமல் இருந்தால் இந்தச் சந்திப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பாம்பைப் பற்றி ஒரு பத்தி போதும். இங்கே நச்சுள்ளது ஒன்றே ஒன்று, பிரேரி கிலுகிலுப்பைப் பாம்பு. கணுக்காலை மூடும் காலணி, கை வைக்கும் முன்பும் கால் வைக்கும் முன்பும் ஒரு பார்வை, இருட்டில் தலைவிளக்கு. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 911ஐ அழையுங்கள். பெரிய மருத்துவமனை ராப்பிட் சிட்டியில்தான், ஒரு மணி நேரப் பயணம்.

இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். கண் பழகியதும் பால்வீதி அடிவானத்திலிருந்து அடிவானம் வரை நீளும். அமாவாசையை ஒட்டிப் பயணத் தேதி வைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

புயல் வந்தால்

கோடையில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு மேற்கே கண் வைத்துக்கொண்டே இருங்கள். காலிஃபிளவர் போலக் குவியும் மேகத்தின் அடி கறுத்து, காற்று திடீரென்று குளிர்ந்தால் உங்களுக்கு அரை மணி நேரம் கூட இருக்காது. முகட்டிலிருந்து இறங்குங்கள். இறங்கியவுடன் வறண்ட ஓடைப்பள்ளத்தில் போய் ஒதுங்காதீர்கள்; எங்கோ பெய்த மழை அதில்தான் சேற்று வெள்ளமாக வரும். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை, கார்தான் பாதுகாப்பு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். ஆலங்கட்டி பெரிதாக விழும் பகுதி இது. கூடாரம் கிழிந்தால் கிழியட்டும், ஒட்டுத்துணி ஒரு சுருள் காரில் இருந்தால் மறுநாள் சரி செய்துகொள்ளலாம்.

மூன்றாம் இரவு: பாதையில்லாத நிலம்

இங்கே கழிப்பறையும் பறிபோகிறது, பாதையும் பறிபோகிறது. பூங்காவில் சுமார் 64,000 ஏக்கர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. காடு என்ற பெயரில் இருப்பது புல்லும் மண் குன்றுகளும். எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். கூடாரம் மட்டும் எந்தச் சாலையிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது அரை மைல், அதாவது 800 மீட்டர், தள்ளி இருக்க வேண்டும்; சாலையிலிருந்து கண்ணில் படவும் கூடாது. கிளம்பும் முன் ரேஞ்சரிடம் பேசுங்கள், வழியைச் சொல்லுங்கள், ஊரில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லி வையுங்கள்.

முதல் முறைக்கு டீர் ஹேவன் என் தேர்வு. கொனாட்டா உணவுத்திடலில் காரை நிறுத்திவிட்டு மண் சுவரை ஒட்டி மேற்கே நடந்தால் ஜூனிபர் மரங்கள் அடர்ந்த மேட்டுப் பகுதி வரும். இந்த நிலத்தில் மரநிழல் எவ்வளவு அரிது என்பதை இரண்டு பகல்கள் உங்களுக்குக் காட்டியிருக்கும்.

ஓடையில் தண்ணீர் தெரிந்தாலும் நம்பாதீர்கள். அது பால் போல வெளுத்து, நுண்ணிய களிமண் கலந்தே இருக்கும். கிருமியைக் கொல்லும் கொதிக்க வைப்பு களிமண்ணை நீக்காது, வடிகட்டியோ சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். எனவே முழுத் தண்ணீரையும் முதுகில் சுமக்க வேண்டும். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் பாதிப் பகல் என்று கணக்குப் போட்டால் ஆளுக்கு ஆறு முதல் எட்டு லிட்டர், அத்தனையும் கிலோக்கள். இந்தக் கணக்குத்தான் ஓர் இரவுக்கு மேல் போகாதீர்கள் என்று சொல்ல வைக்கிறது. உணவில் சுமையைக் குறையுங்கள்: அவல், வறுத்த ரவை, கடலை மிட்டாய். பாத்திரம் கழுவத் தண்ணீர் கேட்கும் சமையல் வேண்டாம்.

ஒரே மாதிரியான மண் முகடுகள் திசையைக் குழப்பும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது தெரியப்போகும் காட்சி அதுதான். மண் முகட்டின் சரிவு உறுதியாகத் தோன்றும், மேல் ஓடு பொரித்த அப்பளம் போல நொறுங்கும். ஏறிய வழியில் இறங்க முடியும் என்று நிச்சயம் இல்லாத இடத்தில் ஏறாதீர்கள். மலக்குழி 15 செ.மீ. ஆழம், நீரோட்டத்திலிருந்து 60 மீட்டர் தள்ளி. காகிதத்தைப் பையில் கட்டிக் கொண்டுவந்துவிட வேண்டும்.

தெற்குப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பைன் ரிட்ஜில் உள்ள ஒக்லாலா லகோட்டா மக்களின் நிலம். 1890 டிசம்பரில் லகோட்டா தலைவர் ஸ்பாட்டட் எல்க் தம் மக்களோடு இந்த மண் சுவரைக் கடந்து தெற்கே போனார். அவர்களில் பெரும்பாலோர் அம்மாதம் 29ஆம் தேதி வூண்டட் நீயில் அமெரிக்கப் படையால் கொல்லப்பட்டார்கள். சுற்றுச்சாலையில் இருக்கும் பிக் ஃபுட் கணவாய் அவருடைய இன்னொரு பெயரைத் தாங்கி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது தெற்குப் பகுதியைக் குண்டு வீச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. வழிகாட்டி இல்லாமல், உள்ளூர் மக்களைக் கேட்காமல் அங்கே கூடாரத்தோடு நுழைய வேண்டாம். எங்கேயாவது துருப்பிடித்த இரும்பு உருளை கண்ணில் பட்டால் தொடாமல் விலகி வந்து சொல்லுங்கள்.

திரும்பும் காலை

முளைகளைப் பிடுங்கும் முன் கூடாரத்தைக் காய விடுங்கள். அடியில் ஒட்டிய களிமண்ணை ஈரத்தில் தேய்த்தால் துணிக்குள் இறங்கிவிடும், காய்ந்ததும் தட்டினால் தானாக உதிரும். உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பையும் காதுக்குப் பின்னாலும் பார்த்துக்கொள்ளுங்கள், வசந்த காலத்தில் குறிப்பாக.

நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கினால் பதற வேண்டாம். சக்கரத்தின் உட்புறம் அப்பிக்கொண்ட சேறு காய்ந்து சமநிலையைக் குலைத்திருக்கும். வாலில் வண்டியை நிறுத்தி ஒரு குச்சியால் சுரண்டி எடுங்கள். அந்த ஊரின் மருந்துக்கடை 1930களிலிருந்து வழிப்போக்கர்களுக்கு ஐஸ் தண்ணீரை இலவசமாகக் கொடுத்து வருகிறது. சுரண்டி முடித்ததும் இரண்டு குவளை குடித்துவிட்டுக் கிளம்பலாம்.